பச்சிலை என்பதே சான்றாகாது

சொரியாசிஸ் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து நோயாளியின் காதில் விழும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆங்கில மருந்தெல்லாம் ஸ்டீராய்டு. தடவுகிறவரை அடங்கும், நிறுத்தினால் இரட்டிப்பாகும். பச்சிலை மருந்துக்குப் போங்கள். பக்கவிளைவு கிடையாது, நோய் வேரோடு போய்விடும்." உறவினரும் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்கிறார், தொலைக்காட்சியில் காசு கொடுத்து நேரம் வாங்கியவரும் சொல்கிறார். அண்மைக் காலமாக இதோடு இன்னொரு வாக்கும் சேர்ந்துகொண்டது: "இது சாதாரண மூலிகை இல்லை, நானோ மூலிகை, தோலுக்குள் ஆழமாக இறங்கி வேலை செய்யும்." முதல் வாக்கு தொன்மையின் பெயரால் நம்பிக்கை கேட்கிறது, இரண்டாவது வாக்கு புதுமையின் பெயரால் அதையே கேட்கிறது. இரண்டையும் மறுப்பதற்கே இந்தக் கட்டுரை. இது மூலிகைக்கு எதிரான எழுத்தன்று. சொரியாசிஸ் மருத்துவத்தின் வரலாற்றில் தாவரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பங்கை மதிக்கிறவர்களே இந்த நம்பிக்கையை முதலில் கைவிட வேண்டும். ஒரு மருந்து எந்தச் செடியிலிருந்து வந்தது, எந்த ஊர்தியில் ஏறித் தோலுக்குள் போகிறது என்ற இரண்டு செய்திகளும் சேர்ந்தாலும், அது நோயாளிக்கு என்ன செய்கிறது என்ற மூன்றாவது கேள்விக்கு விடை ஆகிவிடாது. அந்த விடை மனிதர்களிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தால் மட்டுமே கிடைக்கும்.

முதலில் நோயின் குணத்தைப் பார்க்க வேண்டும். தவறான நம்பிக்கை வேர்பிடிப்பது அங்கேதான். இயல்பான தோலில் அடியடுக்கில் பிறக்கும் உயிரணு மேலே வந்து உதிர ஏறத்தாழ 28 நாள் ஆகும். சொரியாசிஸ் தடிப்பில் அந்தப் பயணம் நாலைந்து நாளில் முடிந்துவிடுகிறது. உடலின் எதிர்ப்பு மண்டலம் ஐஎல்-23, ஐஎல்-17 போன்ற சமிக்ஞைப் புரதங்கள் வழியாகத் தோலை ஓயாமல் விரட்டுவதே காரணம். முற்றாத உயிரணுக்கள் வெள்ளிச் செதில்களாக அடுக்கடுக்காகச் சேர்கின்றன. சித்த மருத்துவம் இதைக் காளாஞ்சகப்படை என்ற பெயரால் அறியும். இந்த நோய் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஏறும், தணியும், சில மாதங்கள் கண்ணில் படாமலே இருக்கும். வெயில் காலத்தில் பலருக்குக் குறையும். தொண்டைத் தொற்று, மன உளைச்சல், சில மாத்திரைகள் ஆகியவை கிளறிவிடும். மனிதர் எப்போது புதிய மருந்தைத் தேடிப் போகிறார்? நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் தானாகவே வரும். அந்த வாரங்களில் எதைத் தடவியிருந்தாலும் புகழ் அதற்கே போய்ச் சேரும். "நான் தடவினேன், எனக்குப் போய்விட்டது" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, மருந்தின் வேலை எது, காலத்தின் வேலை எது என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி, தாவரம் என்பதால் தீங்கில்லை என்ற வாதத்துக்கு வருவோம். இதற்கான மறுப்பு சொரியாசிஸ் மருத்துவத்தின் உள்ளேயே இருக்கிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கார்போக அரிசி என்று விற்கும் விதையிலும், நைல் நதிக்கரையில் வளரும் அம்மி மேஜஸ் என்ற செடியிலும் சோராலென் வகைப் பொருள்கள் இருக்கின்றன. வெண்புள்ளிக்கு இவற்றைக் கொடுத்து வெயிலில் நிற்கவைக்கும் வழக்கம் மிகப் பழையது. 1940களில் கெய்ரோவில் அப்தெல் மோனெம் எல் மோஃப்டி அந்த எகிப்தியச் செடியின் சாரத்தை முறையாக ஆராய்ந்தார். 1974இல் அமெரிக்காவில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், இந்தியாவில் பிறந்த மது பாதக் முதலியோர் மெத்தாக்சலென் மாத்திரையும் புற ஊதா ஏ கதிரும் சேர்ந்த சிகிச்சை கடும் சொரியாசிஸை அடக்குகிறது என்று காட்டினார்கள். 'பூவா' என்று உலகம் அறிந்த அந்த முறை எத்தனையோ பேருக்கு வாழ்வைத் திருப்பித் தந்தது. பின்னர் அதே நோயாளிகளைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தபோது அவர்களிடம் ஒருவகைத் தோல் புற்றுநோய் கூடியிருப்பது தெரியவந்தது. இன்று மெத்தாக்சலெனும் அந்தக் கதிரும் சேர்ந்த சிகிச்சை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலில் மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் வகுப்பில் இருக்கிறது. கார்போக அரிசியை அளவின்றி உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பழுதுபட்டதும், அதைத் தடவி வெயிலில் நின்றவர்களுக்குத் தோல் கொப்பளித்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நோயை அடக்கிய ஆற்றலும் தீங்கு செய்த ஆற்றலும் ஒரே மூலக்கூறின் ஆற்றல்தான். வேலை செய்யும் அளவுக்கு வலிமை உள்ள எந்தப் பொருளும் தீங்கு செய்யும் அளவுக்கும் வலிமை உள்ளதாகவே இருக்கும்.

இன்னொரு செடியின் கதையும் இதையே சொல்கிறது. பிரேசில் காட்டு மரமான அராரோபாவின் தண்டிலிருந்து எடுக்கும் மஞ்சள் தூள் போர்த்துகீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்து 'கோவா பவுடர்' என்ற பெயரில் தோல் படைகளுக்கு மருந்தாக விற்றது. 1870களில் லண்டன் தோல் மருத்துவர் பால்மன்னோ ஸ்குவையர் அது சொரியாசிஸுக்குப் பயன்படும் என்று எழுதினார். முதல் உலகப் போரில் அந்தத் தூளின் வரத்து தடைப்பட்டபோது, ஜெர்மனியில் அதன் மூலப்பொருளை ஒட்டிச் செயற்கையாகச் செய்யப்பட்டதுதான் டித்ரனால். 1916 முதல் இன்றுவரை புழக்கத்தில் இருக்கும் மருந்து அது. தோலை எரிக்கும், துணியிலும் தோலிலும் பழுப்புக் கறை விடும். அந்தக் குறைகளை மருத்துவர்கள் மறைக்கவில்லை. எத்தனை சதவீதத்தில் தொடங்குவது, எவ்வளவு நேரம் வைத்துக் கழுவுவது, எந்தப் பசையில் குழைப்பது என்று பதிவு செய்து பதிவு செய்து திருத்தினார்கள். ஒரு தாவரப் பொருளை ஒட்டிப் பிறந்த மருந்து நூறாண்டுக்கு மேல் நிலைத்தது இப்படித்தான். தீங்கே இல்லை என்று அதைப் பற்றி எவரும் சொல்லவில்லை; தீங்கை அளந்தார்கள், அளந்ததால் கட்டுப்படுத்தினார்கள்.

மூலிகையை நம்புகிறவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய வரலாறு தைவானில் இருக்கிறது. சீன மரபு மருத்துவத்தில் சிங் டாய் என்று ஒரு நீலத் தூள் உண்டு; சில சாயச் செடிகளின் இலையை ஊறவைத்துச் சுண்ணாம்பு சேர்த்து எடுப்பது. சொரியாசிஸுக்கு அதை உள்ளுக்குக் கொடுப்பது வழக்கம். அப்படி உட்கொண்டவர்களுக்கு வயிற்றுத் தொல்லையும் கல்லீரல் பாதிப்பும் வந்ததைக் கவனித்த பின்புலத்தில், சாங் குங் நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த இன்-கு லின்னும் அவருடைய குழுவினரும் தூளை மேற்பூச்சாக மாற்றினார்கள். 2008இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 42 நோயாளிகள் இருந்தார்கள். ஒவ்வொருவர் உடலிலும் ஒரு தடிப்பில் சிங் டாய் களிம்பு, மறு தடிப்பில் மருந்தில்லாத வெறும் களிம்பு, 12 வாரம். மருந்து தடவிய இடத்தில் 42 பேரில் 31 பேருக்குத் தடிப்பு முற்றிலுமோ ஏறக்குறையவோ மறைந்தது. நீலக் கறை பெருந்தொல்லையாக இருந்ததால் சாரத்தை எண்ணெயில் பிரித்தெடுத்துச் சுத்திகரித்தார்கள். செயல்படு பொருள் இண்டிருபின் என்று கண்டு, கிராமுக்கு 10, 50, 100, 200 மைக்ரோகிராம் என்ற நான்கு அளவுகளில் எது சிறந்தது என்று 2018இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதற்கிடையில் ஜப்பானில் பெருங்குடல் அழற்சிக்குச் சிங் டாயைத் தாமாகவே வாங்கிச் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் உயர்ந்தது. 2016 டிசம்பரில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. ஒரே தூள்தான். தோலில் அளந்து தடவியபோது மருந்தாக இருந்தது, அளவறியாமல் விழுங்கியபோது ஆபத்தாயிற்று. இயற்கையானது என்ற ஒற்றைச் சொல் இந்த இரண்டில் எதையும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

இந்தத் தைவான் கதை நம்மை நேராகத் தொடும் இடம் ஒன்று உண்டு. அது வெட்பாலை. தமிழ்நாட்டில் சொரியாசிஸ் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் மூலிகை இதுதான். இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாக, ஊதாவாக மாறும். அந்த நிறத்துக்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது: வெட்பாலை இலையில் இண்டிருபின், இண்டிகோட்டின், டிரிப்டாந்திரின் ஆகிய பொருள்கள் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தைவான்காரர்கள் நீலத் தூளில் கண்ட அதே இண்டிருபின்! நம் வைத்தியர்களின் கண் எதைத் தேர்ந்தெடுத்தது என்பதற்கு இதைவிடப் பெருமை தரும் குறிப்பு வேண்டியதில்லை. ஆனால் குறிப்பு வேறு, முடிவு வேறு. உதகமண்டலத்தில் வெட்பாலைச் சாரத்தைச் சுண்டெலி வாலில் தடவிப் பார்த்த சோதனை போன்றவை நடந்திருக்கின்றன; ஆனால் சிங் டாய்க்கு நடந்ததுபோல் ஒப்பீட்டோடும் அளவு நிர்ணயத்தோடும் படிப்படியாக வளர்ந்த மனித ஆய்வுத் தொடர் வெட்பாலைக்கு நடக்கவில்லை. கடையில் வாங்கும் எண்ணெயில் இண்டிருபின் கிராமுக்கு எவ்வளவு? ஆனியில் பறித்த இலைக்கும் தையில் பறித்த இலைக்கும் வேறுபாடு உண்டா? வெட்பாலையும் குடசப்பாலையும் மருந்துச் சரக்கில் மாறிப்போவது பழைய சிக்கல். புட்டியில் இருப்பது எது? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதாத புட்டியின் மேல் பக்கவிளைவு அற்றது என்று மட்டும் துணிந்து எழுத முடிகிறது.

எண்ணெய் தடவியதும் செதில் குறைகிறதே, கண்ணால் காண்பதை எப்படி மறுப்பது என்று கேட்கலாம். மறுக்க வேண்டியதில்லை, எதனால் குறைந்தது என்று கேட்டால் போதும். வெறும் தேங்காய் எண்ணெயே வறண்ட தோலை நெகிழ்த்தும், செதிலை இளக்கும், அரிப்பைத் தணிக்கும். வெட்பாலை எண்ணெயின் பலன் இலையால் வந்ததா, எண்ணெயால் வந்ததா என்பதை இலை போடாத எண்ணெயோடு ஒப்பிட்டால்தான் அறியலாம். இந்த ஒப்பீடு எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சோற்றுக்கற்றாழை நல்ல பாடம். 1996இல் 60 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு, கற்றாழைச் சாறு சேர்ந்த களிம்பு தடவியவர்களில் 83 சதவீதம் பேர் குணமானதாகவும், வெறும் களிம்பு தடவியவர்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே குணமானதாகவும் சொன்னது. உலகமெங்கும் கற்றாழை விளம்பரங்கள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. 2005இல் டென்மார்க்கில் 41 பேரிடம் ஒரு கடைக் கற்றாழை ஜெல்லை வெறும் ஜெல்லோடு ஒப்பிட்டார்கள். கற்றாழை தடவிய இடங்களில் 72.5 சதவீதமும் வெறும் ஜெல் தடவிய இடங்களில் 82.5 சதவீதமும் தேறின. வெறும் ஜெல்லைத் தடவி ஐந்தில் நான்கு இடங்கள் தேறுகின்றன என்றால், ஒப்பீடு இல்லாமல் சொல்லப்படும் 80 சதவீத வெற்றிக்கு என்ன பொருள்? இரண்டு ஆய்வுகளில் பிடித்ததை மட்டும் எடுத்துக்காட்டுவது வணிகம். இரண்டையும் எடுத்துவைத்து மூன்றாவது ஆய்வைக் கேட்பதே மருத்துவம்.

இதைவிடக் கசப்பான உண்மை ஒன்று உண்டு. ஸ்டீராய்டுக்குப் பயந்து மூலிகைக்குப் போகிறவர் அங்கேயும் ஸ்டீராய்டையே தடவிக்கொள்ள நேரலாம். 1999இல் லண்டனில் தோல் நோய்களுக்குக் கொடுக்கப்பட்ட 11 சீன மூலிகைக் களிம்புகளை ஆய்வகத்தில் பரிசோதித்தபோது எட்டில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. பெயரும் அளவும் எழுதப்பட்ட ஸ்டீராய்டை எத்தனை நாள் தடவலாம், முகத்திலும் மடிப்புகளிலும் ஏன் கூடாது, எப்படிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்ல முடியும். பெயர் மறைத்த ஸ்டீராய்டுக்கு அந்தக் காவல் எதுவும் இல்லை. வலிமை மிக்க ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் சொரியாசிஸ் சீழ்க்கொப்புள வடிவத்தில் வெடிப்பதும், உடல் முழுவதும் சிவந்து உரியும் நிலைக்குப் போவதும் உண்டு. இரண்டும் உயிருக்கு ஆபத்தானவை. உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகளின் நிலையும் கவலைக்குரியதே. 2008இல் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வொன்று ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டது. மேலை மருத்துவமும் இதில் சுத்தமில்லை. ஆர்செனிக் கரைசலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் சொரியாசிஸுக்குக் குடிக்கக் கொடுத்து, பலருக்குத் தோல் புற்றுநோயை வரவைத்த வரலாறு அதற்கு உண்டு. அதைக் கைவிட்டது எப்படி? கொடுத்ததையும் விளைந்ததையும் எழுதிவைத்ததால், எழுதிவைத்ததை மறைக்காமல் விவாதித்ததால்.

அடுத்து நானோ. மருந்தைச் சுமந்து செல்லும் புதிய ஊர்திகளை ஏளனம் செய்ய எந்தக் காரணமும் இல்லை. கொழுப்புக் குமிழியான லிபோசோம் 1960களில் கண்டறியப்பட்டு, 1995இல் புற்றுநோய் மருந்தொன்றின் ஊர்தியாக அமெரிக்க ஒப்புதல் பெற்றது. பூஞ்சை மருந்தான ஆம்ஃபோடெரிசினை லிபோசோமில் அடைத்தபோது சிறுநீரகத்துக்கு வரும் தீங்கு குறைந்தது. சொரியாசிஸிலும் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. எரிச்சலும் கறையும் தந்த டித்ரனாலை மோனோகிளிசரைடு படிகங்களுக்குள் பொதிந்து, தோலின் சூட்டில் மட்டும் வெளிவரும்படி செய்தார்கள். சண்டிகரில் அதே மருந்தை லிபோசோமில் வைத்து நோயாளிகளிடம் பார்த்தார்கள். கால்சிபோட்ரியோலும் பீட்டாமெத்தசோனும் சேர்ந்த களிம்பு பல ஆண்டுகளாக இருந்ததுதான். அதே இரண்டு மருந்தை அதே அளவில் நுரையாகத் தெளித்தபோது, மருந்து கூடுதலாகத் தோலுக்குள் இறங்கிப் பழைய களிம்பைவிட நன்றாக வேலை செய்தது; 2015இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. இந்த எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே ஏறியது ஏற்கெனவே வேலை செய்யும் என்று தெரிந்த மருந்து. புதிய ஊர்தி எதைத் திருத்தப் போகிறது என்பது முதலிலேயே தெளிவாக இருந்தது. திருத்தியதா என்பது பழைய வடிவத்தோடு மனிதரிடம் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது.

மூலிகை நானோ என்று பேசப்படுவனவற்றில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றையும் நிறைவு செய்யாதவை. மஞ்சளின் குர்குமினை எடுத்துக்கொள்வோம். நீரில் கரையாது, ஒளியிலும் உடலிலும் விரைவில் சிதையும். எனவே அதை லிபோசோம், நியோசோம், எத்தோசோம், திடக் கொழுப்புத் துகள் என்று ஏற்றாத ஊர்தி இல்லை. கட்டுரைகள் குவிகின்றன, அவற்றில் மிகப் பல சுண்டெலியோடு நின்றுவிடுகின்றன. சுண்டெலிக்குச் சொரியாசிஸ் இயல்பாக வருவதே இல்லை. முதுகை மழித்து இமிக்குவிமோட் என்ற களிம்பைச் சில நாள் தடவி ஓர் அழற்சியை வரவைக்கிறார்கள். 2009 முதல் பரவிய முறை இது. களிம்பை நிறுத்தினால் அழற்சி தானே அடங்கும். எலியின் மேல்தோல் மனிதத் தோலைவிட மிக மெல்லியது, மயிர்க்கால்கள் நெருக்கமானவை. அதனால் மருந்து எளிதாக இறங்கும். பல ஆண்டுகள் முழங்கையில் ஊறித் தடித்த மனிதத் தடிப்புக்கு இது எப்படி ஈடாகும்? மனிதரிடம் வந்தபோது என்ன நடந்தது? 2008இல் அமெரிக்காவில் 12 பேருக்கு நாளொன்றுக்கு 4.5 கிராம் குர்குமினாய்டு கொடுத்தார்கள். தேறியவர் இருவர், அதுவும் நோயின் இயல்பான ஏற்றத்தாழ்வாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். லெசித்தினோடு பிணைத்த குர்குமினை ஸ்டீராய்டுப் பூச்சோடு துணையாகக் கொடுத்த இத்தாலிய ஆய்வு 2015இல் ஓரளவு நல்ல பலனைச் சொன்னது. அது பின்தொடர வேண்டிய தடயம். மஞ்சள் மாத்திரையின் மேல் ஒட்டிக்கொள்ளும் சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பச்சிலை என்பதால் தீங்கில்லை, நானோ என்பதால் ஆழமாக இறங்கும் என்ற இரண்டு வாக்குகளும் ஒரே டப்பாவின் மேல் ஒன்றாக இடம்பெறுகின்றன. ஆனால் இரண்டாவது உண்மையென்றால் முதலாவதை மறுபடி நிரூபித்தாக வேண்டும். மரபு நமக்குத் தந்த பாதுகாப்பு அனுபவம், இலையை எண்ணெயில் ஊறவைத்துத் தோலின் மேல் தடவிய அனுபவம். சாரத்தைச் செறிவாக்கி, கரைப்பான்களால் பிரித்து, முன்பு புக முடியாத ஆழத்துக்கு அனுப்பும்போது அந்த அனுபவம் துணைக்கு வராது. மருந்தை உள்ளே கொண்டுபோகும் ஊர்தி நஞ்சையும் உள்ளே கொண்டுபோகும். ஊர்தியும் வெறும் பாத்திரமன்று: எத்தோசோமில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதியை நெருங்கும் அளவுவரை ஆல்கஹால் இருக்கும்; வெடித்துக் கசியும் தடிப்பில் அது எரியும். சொரியாசிஸ் நோயாளி ஒரு வாரம் தடவிவிட்டு விடுகிறவர் அல்லர், வாழ்நாளின் பெரும்பகுதி தடவுகிறவர். அவருக்கு நீண்டகாலப் பாதுகாப்பே முதல் கேள்வி.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். ஈராயிரம் ஆண்டு மரபு சோதனை ஆகாதா என்பது முதலாவது. மரபு ஒரு பெரிய சல்லடை, மறுக்கவில்லை. உடனே தெரியும் நஞ்சையும் உடனே தெரியும் பலனையும் அது நன்றாகவே பிரித்துவிடும். கருப்பு எண்ணெய் தடவிய கை மறுநாள் கொப்பளித்தால் வைத்தியர் அதை விட்டுவிடுவார். ஆனால் பத்தாண்டு கழித்து வரும் புற்றுநோயையும், ஓசையில்லாமல் கெடும் கல்லீரலையும், நூறு பேரில் ஒருவருக்கு மட்டும் வரும் தீங்கையும் தனி வைத்தியரின் நினைவு பிடித்துவைக்காது. பிடிக்கப் பெயர்ப்பட்டியலும் ஆண்டுக்கணக்கான பின்தொடர்தலும் வேண்டும். சோராலெனின் தீங்கு அப்படித்தான் வெளியே வந்தது. கார்போக அரிசியின் மரபு எத்தனை நூற்றாண்டு பழையதானாலும் அதைச் சொல்லவில்லை.

சித்த மருத்துவம் ஆளுக்கு ஆள் மாறும், வாதம் பித்தம் கபம் பார்த்துக் கொடுப்பது, அதைக் கூட்டாகச் சோதிக்க முடியாது என்பது இரண்டாவது. இதற்கு விடை தைவான் ஆய்விலேயே இருக்கிறது. ஒரே மனிதரின் ஒரு தடிப்பில் மருந்து, மறு தடிப்பில் வெறும் பூச்சு. இரண்டும் ஒரே உடல், ஒரே நாடி, ஒரே உணவு, ஒரே மன உளைச்சல். உடற்கூறு வேறுபாடு என்ற மறுப்பு எழவே இடமில்லாத ஒப்பீடு அது. மேற்பூச்சு மருந்துகளுக்கு இதைவிட எளிய, இதைவிட நேர்மையான சோதனை இல்லை. உள்மருந்துகளில்கூட, தேர்வை வைத்தியரிடமே விட்டுவிட்டு அவர் தேர்ந்ததையும் வெறும் மாத்திரையையும் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்க்க வழி உண்டு. மருத்துவத்தின் தத்துவத்தை இதில் எவரும் சோதிக்கவில்லை. நோயாளி தேறுகிறாரா என்பதை மட்டுமே சோதிக்கிறோம்.

மூன்றாவது எதிர்வாதம் மிகுந்த வலியிலிருந்து பிறப்பது. ஆங்கில மருத்துவமும் குணப்படுத்துவதில்லை, பக்கவிளைவு தருகிறது, விலையோ எட்டாத உயரம். முதல் இரண்டும் உண்மை. சொரியாசிஸை நிரந்தரமாக ஒழிக்கும் மருந்து எந்த முறையிலும் இன்று இல்லை. உண்டு என்று சொல்கிறவர் எந்த முறைக்காரராக இருந்தாலும் நம்ப வேண்டாம். மெத்தோட்ரெக்சேட்டுக்குக் கல்லீரலைக் கண்காணிக்க வேண்டும், உயிரியல் ஊசிகளுக்கு முன் காசநோய் பார்க்க வேண்டும். இவை நமக்குத் தெரிவதே அவற்றின் தீங்கு எழுதப்பட்டிருப்பதால்தான். தீங்கு எழுதப்படாத மருந்து தீங்கற்ற மருந்தாகிவிடாது. விலை பற்றிய குறை ஊசிகளுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. வாரம் ஒருமுறை விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் மலிவானது. குறுகிய அலைவரிசைப் புற ஊதாக் கதிர் சிகிச்சை பெரிய அரசு மருத்துவமனைகளில் உண்டு. ஈரப்பதம் காக்கும் எண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெயே போதும். ஏழை நோயாளிக்கு மலிவான மருந்து வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் பலன் தெரியாத மூலிகைப் பொட்டலத்துக்கு மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் கொட்டி, அதற்குள் மூட்டுகள் வளைந்துபோகும் நோயாளிக்கு அது மலிவு ஆகாது. சொரியாசிஸ் வந்தவர்களில் கணிசமானோருக்கு மூட்டுவாதமும் வருகிறது. இழந்த மூட்டை எந்த மருந்தும் திருப்பித் தராது. காலம் கடத்துவதே இங்கே மிகப் பெரிய பக்கவிளைவு.

செடிக்குக் காப்புரிமை இல்லை, சோதனைக்குப் பணம் யார் போடுவார் என்பது கடைசி எதிர்வாதம். இது உண்மையான தடை; ஆனால் தாண்ட முடியாததன்று. மண்ணில் வாழும் நுண்ணிய உருளைப்புழுக்களோடு கூடி வாழும் ஒரு பாக்டீரியாவில் கண்ட மூலக்கூறு டாபினரோஃப். இண்டிருபினைப் போலவே தோல் உயிரணுவின் அரில் ஹைட்ரோகார்பன் ஏற்பியைத் தொட்டு வேலை செய்வது. இயற்கையில் பிறந்ததுதான், ஆனாலும் இயற்கை என்ற பெயரைக் காட்டி எவரும் அதை விற்கவில்லை. இரண்டு பெரிய ஆய்வுகளில் 12 வாரத்தில் மருந்து தடவியவர்களில் 35, 40 சதவீதம் பேர் தெளிந்தார்கள். வெறும் களிம்பில் 6 சதவீதம். மயிர்க்கால் அழற்சி போன்ற தீங்குகளும் எண்ணோடு பதிவாயின. 2022 மே மாதம் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அதற்குப் பெரும் நிறுவனத்தின் பணம் தேவைப்பட்டது. ஆனால் முதல் படிக்கு அவ்வளவு பணம் வேண்டாம். தைவானில் அந்த முதல் படி 42 நோயாளிகளோடும் இரண்டு களிம்புகளோடும் முடிந்தது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னையிலும் மதுரையிலும் அரசுத் தோல் மருத்துவத் துறைகள் இருக்கின்றன. வெட்பாலை வேலியோரத்தில் நிற்கிறது. இவை ஒன்றுகூடுவதற்குப் பணத்தைவிட முதலில் வேண்டியது, தோற்றாலும் முடிவை வெளியிடுவோம் என்ற துணிவு.

சித்த மருத்துவர்களிடமும் அரசிடமும் என் வேண்டுகோள் இதுதான். இண்டிருபின் அளவு குறித்த ஒரே தரத்து வெட்பாலை எண்ணெயைச் செய்யுங்கள். அதே நிறம் ஏற்றிய வெறும் தேங்காய் எண்ணெயையும் செய்யுங்கள். எது எது என்று தடவுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் தெரியாதபடி, ஒரே நோயாளியின் ஒரு முழங்கையில் ஒன்றும் மறு முழங்கையில் மற்றொன்றுமாகப் பன்னிரண்டு வாரம் தடவுங்கள். விளைவை எதுவானாலும் அச்சிடுங்கள். வெட்பாலை வென்றால் உலகம் அதை மருந்தென்று ஏற்கும். தோற்றால் நோயாளிகள் இன்னொரு பத்தாண்டை இழக்காமல் வேறு வழி தேடுவார்கள். அதுவரை, நோயோடு வாழும் வாசகர் எந்தப் புட்டியைக் கையில் எடுத்தாலும், அது மூலிகையா ஆங்கில மருந்தா என்று கேட்பதை விட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எத்தனை மனிதரிடம் எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். விடை சொல்லாத புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.